கூரையில் எழுதப்படும் குறியீடு: மேலிருந்து படிக்கப்படும் சேரி



நில உரிமைக்காக உயிர் கொடுத்தவர்களின் நினைவில் நாம் கூடியிருக்கிறோம். இந்த மேடையில் நிலத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். இந்த முறை, நிலத்தை மேலிருந்து பார்க்கும் கண்ணைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தோம். வீட்டுக் கூரையிலோ, தண்ணீர்த் தொட்டியின் மேலோ, மொட்டை மாடியிலோ ஒரு குறியீட்டை வைத்துவிட்டால், வானிலிருந்து படமெடுக்கும் இயந்திரம் அதைப் படித்து இது எந்த இடம், எந்தக் கட்டடம் என்று தானாகவே தெரிந்துகொள்ளும். கீழே நிற்கிற மனிதர்களின் கண்ணுக்குத் தெரியாதபடியும் அந்தக் குறியீட்டை வைக்க முடியும். அதைப் பற்றியே இந்த உரை.

இலக்கிய அமைப்புக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இதுவும் எழுத்துதான். நம் கூரையின்மேல் எழுதப்பட்டு, நம்மால் வாசிக்க முடியாமல் இருக்கும் எழுத்து. எழுத்தை நமக்கு மறுத்த சமூகம் இது. நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள், எங்கே எழுதியிருக்கிறார்கள், யார் படிக்கிறார்கள் என்று கேட்டதில்தான் தலித் இலக்கியமே தொடங்கியது. அதே கேள்வியைக் கூரையைப் பார்த்துக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

குறியீடு எப்படி வேலை செய்கிறது

முதலில் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்வோம். புரியாத ஒன்றைக் கண்டு பயப்படுவதையும், அதைக் கும்பிடுவதையும் நமக்குப் பழக்கிவைத்திருக்கிறார்கள். இரண்டையும் இங்கே விட்டுவிடுவோம்.

ட்ரோன் எடுக்கும் படம் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது. அந்தச் சதுரத்துக்குப் பிக்சல் என்று பெயர். ஒன்றிய அரசின் ஸ்வமித்வா திட்டத்துக்காக எடுக்கப்படும் ட்ரோன் படங்களில் ஒரு பிக்சல், தரையில் சுமார் 5 சென்டிமீட்டர். மிகத் தெளிவான வணிகச் செயற்கைக்கோள் படங்களில் அது சுமார் 30 சென்டிமீட்டர்.

கடையில் பணம் கட்டும்போது படமெடுக்கிறோமே, அந்தக் கியூஆர் கோடு 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவானது. அதன் மிகச் சிறிய வடிவத்தில் பக்கத்துக்கு 21 கட்டங்கள். சுற்றிலும் நான்கு நான்கு கட்டம் வெற்றிடம் விட வேண்டும். ஆக 29 கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு மூன்று பிக்சலாவது விழ வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ட்ரோன் படத்துக்கு ஒரு கட்டம் 15 சென்டிமீட்டர். முழுக் குறியீடு பக்கத்துக்கு 4.35 மீட்டர். செயற்கைக்கோள் படத்துக்கு அதுவே பக்கத்துக்கு 26 மீட்டர். பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் ஒரு வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். ட்ரோன் படிக்கும் கியூஆர் கோடு ஒன்றே அந்தக் கூரையில் முக்கால் பங்கை அடைத்துக்கொள்ளும். செயற்கைக்கோள் படிக்க வேண்டுமென்றால் ஒரு தெருவே போதாது.

ஆனால் இதைவிட எளிய குறியீடுகள் இருக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரோபோக்களுக்காக உருவான ஏப்ரல்டேக் அதில் ஒன்று. அதில் பரவலாகப் புழங்கும் வகை, வெள்ளை ஓரத்தையும் சேர்த்து, பக்கத்துக்குப் பத்தே கட்டங்கள். நாம் போட்ட அதே கணக்கில் 1.5 மீட்டர். தண்ணீர்த் தொட்டி மேலே அடங்கிவிடும். கூரையில் பதிக்கும் ஓடுகளை நிறம் மாற்றி அடுக்கினால் போதும், பார்ப்பவருக்கு அலங்காரமாகத் தெரியும். கண்ணுக்கே தெரியாமல் செய்யவும் வழி இருக்கிறது. கரித்தூள் கலந்த கறுப்பு வண்ணம் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். வேறு சில கறுப்பு நிறமிகள் அதைத் திருப்பி அனுப்பும். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்பு. பயிரின் நலத்தைப் பார்க்க வயல்மேல் பறக்கும் ட்ரோன்களில் இருக்கும் அகச்சிவப்புக் கேமராவுக்கு ஒன்று கறுப்பு, இன்னொன்று வெளிச்சம். அந்த இரண்டு கறுப்பையும் கொண்டு ஒரு கூரையில் எழுதினால், வீட்டுக்காரருக்குத் தன் கூரையில் எழுத்து இருப்பதே தெரியாது.

இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் வைக்க வேண்டும். இந்த உரை முழுவதும் அதைச் சுற்றித்தான் நிற்கிறது. ஏப்ரல்டேக் ஓர் எண்ணை மட்டுமே சொல்லும். நாம் சொன்ன அந்த வகையில் மொத்தம் 587 எண்கள். 212 என்று கூரையில் இருந்தால், 212 என்று இயந்திரம் படிக்கும். 212 யார், எந்தத் தெரு, எந்தச் சாதி, பட்டா இருக்கிறதா, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் கூரையில் இல்லை. எங்கோ ஓர் அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கிறது. கூரையிலுள்ள குறியீட்டுக்குச் சொந்தமாக எந்தப் பொருளும் கிடையாது. பொருளைக் கொடுப்பது பதிவேடு. ஆகவே நம் கேள்வி கூரையோடு நின்றுவிடக் கூடாது. பதிவேடு யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

புதைத்த கல்லும் கோபுரமும்

குறியை மறைத்து வைத்து அளப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1802இல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் அடிக்கோடு ஒன்றை அளந்து தொடங்கிய வேலை, பிறகு மாபெரும் முக்கோண அளவை என்று பெயர் பெற்றது. இந்தியாவையே முக்கோணங்களால் மூடிய அந்த அளவையில், நிலையங்களின் அடியில் வட்டமும் புள்ளியும் செதுக்கிய கல்லைப் புதைத்து, அதற்கு நேர்மேலே மேடை கட்டினார்கள். மேலே இருக்கும் மேடை சிதைந்தாலும் அடியில் இருக்கும் கல் சாட்சி சொல்லும். அந்தக் கல் இருப்பது ஊர்க்காரருக்குத் தெரியாமலே போகலாம். பதிவேடு வைத்திருப்பவருக்குத் தெரியும்.

காவிரிச் சமவெளியில் லாம்டனுக்குக் குன்றுகள் கிடைக்கவில்லை. கோயில் கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றினார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அந்தப் பெரிய தியோடலைட்டை ஏற்றும்போது அது மோதிச் சிதைந்த கதை நில அளவை வரலாற்றில் புகழ்பெற்றது. கும்பினியின் கருவி கோயிலின் உச்சிவரை ஏறியது. அந்தக் கோயிலைச் சுற்றியிருந்த வயல்களில் உழைத்தவர்களுக்குக் கோயில் வாசலைத் தாண்ட 1939இன் ஆலய நுழைவுச் சட்டம்வரை வழியில்லை. தூரத்திலிருந்து தெரியும் கட்டடம் வரைபடத்தின் ஆதாரப் புள்ளியாகிறது. உயரம் யாரிடம் இருந்ததோ அவர்களின் இடத்திலிருந்துதான் நிலம் அளக்கப்பட்டது. தாழ்ந்த கூரைகள் அளக்கப்பட்டவை. அவற்றிலிருந்து யாரும் எதையும் அளக்கவில்லை.

அதன்பின் வந்தது சர்வே கல். 1923இன் நில அளவை, எல்லைகள் சட்டம் அந்தக் கற்களைக் காப்பாற்றும் பொறுப்பை நில உடைமையாளர்மேல் வைத்தது. கல்லை நடுபவர் யார், இரவோடிரவாகப் பிடுங்கி நகர்த்துபவர் யார் என்பதை இந்த அரங்கில் விளக்கத் தேவையில்லை.

சேரியே ஒரு குறியீடு

கூரையில் மறைத்து எழுதுவதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மைப் பொறுத்தவரை அந்த எழுத்து ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே விடப்பட்ட வெளிதான் அது. அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதோர் யார்?’ நூலில், தீண்டப்படாதோர் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள் என்பதை ஒரு தனிக் கேள்வியாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். அந்தக் கேள்விக்கு இன்று ஒரு புதிய கூர்மை வந்திருக்கிறது. வானிலிருந்து எடுத்த ஒரு கிராமத்தின் படத்தைப் பாருங்கள். வீடுகள் நெருங்கிய ஒரு திரள். பிறகு வயல், அல்லது ஓடை, அல்லது சாலை. அதற்கப்பால் சின்ன வீடுகள் வரிசையாக நிற்கும் இன்னொரு திரள். சாதி எங்கே குடியிருக்கிறது என்று அந்தப் படத்தைப் பார்க்கும் எவரும் ஊகித்துவிடலாம். ஆயிரம் கிராமங்களின் படங்களைக் கொடுத்துப் பழக்கினால் இயந்திரமும் ஊகிக்கும். எந்தக் கூரையிலும் யாரும் எதுவும் எழுத வேண்டியதில்லை.

கூரையே வருமானச் சான்றாகவும் மாறியிருக்கிறது. கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் தரும் கிவ்டைரக்ட்லி அமைப்பு, ஓலைக்கூரை வீட்டில் இருப்பதையே வறுமையின் அடையாளமாக வைத்துக்கொண்டு, அந்தக் கூரைகளைச் செயற்கைக்கோள் படங்களில் தேடும் முயற்சியையும் செய்தது. உதவி செய்வதற்காகத்தான் தேடினார்கள். தகரக் கூரை போட்டவர் ஏழையில்லை என்றும் ஆகிவிடுகிறது என்பது அதன் இன்னொரு பக்கம். கடன் வாங்கித் தகரம் போட்டவரின் கடன் படத்தில் விழாது.

படம் இல்லாமலே நம் வீடுகளைக் கண்டுபிடித்து எரித்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். உண்மைதான். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தின் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளுக்குத் தீ வைத்தவர்களுக்கு எந்த ட்ரோனும் தேவைப்படவில்லை. பக்கத்து ஊர்க்காரனுக்கு நம் வீடு தெரியும். ஆனால் பக்கத்து ஊர்க்காரனுக்குத் தெரிவது அவன் ஊரோடு முடிந்தது. பதிவேட்டோடு இணைந்த படம் மாநிலம் முழுவதையும் ஒரே மேசையில் விரித்துவைக்கும். தெரிந்திருப்பவர்களின் எண்ணிக்கையும் தெரிந்துகொள்ளும் வேகமும் மாறுகின்றன. அந்த வேறுபாட்டைச் சின்னதாக நினைக்கக் கூடாது.

அடையாளம் காத்ததும் காக்காததும்

கூரையில் குறியிடுவதே கெடுதல் என்று நாம் சொல்லவில்லை. 1930களில் அமெரிக்காவில் வழிதவறும் விமானிகளுக்கு உதவ, பண்டகசாலைகளின் கூரைகளில் ஊர்ப் பெயரையும் திசையையும் பெரிய எழுத்தில் தீட்டும் திட்டம் நடந்தது. பெண் விமானிகள் அதை முன்னின்று நடத்தினார்கள். வேலையில்லாதோருக்கு அரசு தந்த வேலைகளில் அந்தக் கூரை வேலையும் சேர்ந்தது. பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. எதிரி விமானத்துக்கும் அதே எழுத்து வழிகாட்டிவிடும் என்று கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் அந்தக் குறிகளை அழித்தார்கள். எழுத்து மாறவில்லை. யார் படிப்பார்கள் என்பதுதான் மாறியது.

மருத்துவமனைக் கூரையில் செஞ்சிலுவையைப் பெரிதாக வரைவதும் அதே நம்பிக்கையில்தான். மேலிருந்து பார்ப்பவர் அதைக் கண்டு விலகிப் போவார் என்பது ஜெனீவா ஒப்பந்தங்களின் ஏற்பாடு. அந்த நம்பிக்கைக்கு 2009இல் வன்னியில் என்ன நடந்தது என்பது தமிழில் பேசும் எவருக்கும் தெரியும். புதுக்குடியிருப்பு மருத்துவமனை தாக்கப்பட்டது. ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் வெளியான அறிக்கையில், வன்னியின் மருத்துவமனைகள் இருக்கும் இடம் இலங்கை அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் அவை குண்டுகளுக்கு இலக்காயின, சில மீண்டும் மீண்டும் இலக்காயின என்று பதிவுசெய்தது. இடம் தெரிந்திருந்தது. குறியும் இருந்தது. பார்த்தவருக்கு விலகும் எண்ணம் இல்லை. அடையாளம் தன்னளவில் யாரையும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடக் கொடிய சாட்சி வேண்டுமா?

பதிவேட்டின் பலத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. நாஜிகளின் ஆக்கிரமிப்பில் இருந்த ஆம்ஸ்டர்டாமில் 1941இல் நகராட்சி அலுவலர்கள் ஒரு வரைபடம் தயாரித்தார்கள். அதில் ஒவ்வொரு கறுப்புப் புள்ளியும் பத்து யூதர்கள். வானிலிருந்து படமெடுத்தோ வீடுகளில் குறியிட்டோ அதைச் செய்யவில்லை. சமாதான காலத்தில் நல்ல நிர்வாகத்துக்காக ஒழுங்காகப் பேணிய குடிமக்கள் பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். பதிவேடு பழையது, ஆட்சி புதியது. ஒரு நல்ல நோக்கத்துக்காகத் திரட்டியது நாளைக்கு யார் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும்.

சுண்ணாம்புக் கோடு யார் கையில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2020 ஏப்ரல் 24 அன்று ஒன்றிய அரசு ஸ்வமித்வா திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களில் மக்கள் குடியிருக்கும் பகுதியை ட்ரோனால் படமெடுத்து, வீட்டுக்கு வீடு சொத்து அட்டை தருவது நோக்கம். பல மாநிலங்களில் குடியிருப்புப் பகுதிக்கு முறையான உடைமை ஆவணமே கிடையாது என்பதால் இது ஒரு பெரிய வேலைதான். இந்திய நில அளவைத் துறை படமெடுக்கிறது. தமிழ்நாடு முன்னோட்டக் கட்டத்தோடு நின்றுகொண்டது. அதனால் இது நமக்கு வராது என்று இருந்துவிட முடியாது. கல்குவாரியை அளக்க இங்கேயும் ட்ரோன் பறக்கிறது. குடியிருப்பின்மேல் பறப்பதற்கு ஓர் அரசாணை போதும்.

அந்தத் திட்டத்தில் ட்ரோன் பறப்பதற்கு முன்னால் நடக்கும் ஒரு வேலையைக் கவனியுங்கள். ஒவ்வொரு வீட்டின், மனையின் எல்லையிலும் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுகிறார்கள். மேலே பறக்கும் கேமரா அந்த வெள்ளைக் கோட்டைப் படமெடுக்கிறது. அதை வைத்து வரைபடம் வரைகிறார்கள். பிறகு நேரில் சரிபார்க்கிறார்கள், ஆட்சேபம் கேட்கிறார்கள், அட்டை கொடுக்கிறார்கள். 5 சென்டிமீட்டர் துல்லியம் கொண்ட இயந்திரத்தின் உண்மை முழுவதும் ஒரு கை தூவிய சுண்ணாம்பில் நிற்கிறது. அந்தக் கை யாருடையது? பஞ்சாயத்து ஆட்கள் கோடு போட வரும்போது பக்கத்துப் பண்ணையின் வேலி இரண்டு அடி உள்ளே வந்திருக்கிறது என்று சொல்லும் துணிவு யாருக்கு இருக்கிறது? மறுநாள் அதே பண்ணையில் கூலிக்குப் போக வேண்டியவரிடம் அந்தத் துணிவை எதிர்பார்க்க முடியுமா? பகல் முழுக்க வீட்டில் இல்லாத கூலிக் குடும்பத்தின் எல்லையை யார் காட்டுவார்கள்?

சுண்ணாம்பு அடுத்த மழையில் கரைந்துவிடும். படம் கரையாது. தவறாகப் போட்ட கோடு அழிந்தபின், அந்தத் தவறு மட்டும் அரசாங்கத்தின் துல்லியமான உண்மையாக நிற்கும். நாம் அஞ்ச வேண்டியது இந்த இடத்தைத்தான். கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதினால்தான் குறியீடு மறைந்தது என்றில்லை. எல்லோர் கண் முன்னாலும் போட்ட வெள்ளைக் கோடும், அதைக் கேள்வி கேட்க முடியாதவர்களுக்கு மறைந்த எழுத்துதான்.

புறம்போக்கில், ஏரிக்கரையில், சாலையோரத்தில் மூன்று தலைமுறையாக இருப்பவர்களின் நிலை இன்னும் இக்கட்டானது. படத்தில் அவர்கள் வீடு தெரியும். பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்காது. படமும் பதிவேடும் பொருந்தாத இடங்களை இயந்திரம் சிவப்பாகக் காட்டும். அந்தச் சிவப்பை ‘மனைப் பட்டா தர வேண்டியவர்கள்’ என்றும் படிக்கலாம், ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்றும் படிக்கலாம். எப்படிப் படிப்பது என்பதை முடிவு செய்வது இயந்திரம் அல்ல.

நம் கையில் அளவுகோல்

அப்படியென்றால் ஒளிந்துகொள்வதா? கூரையை மூடிக்கொள்வதா? நம் முன்னோர்கள் கண்ணில் படாமல் நடக்க வேண்டியிருந்தது. அதற்குத் திரும்பிப் போக நமக்கு விருப்பமில்லை. அரசின் கண்ணில் படாமல் இருப்பதால் இழப்பதும் நாம்தான். வீடு கேட்டால் மனை எங்கே என்கிறார்கள். சுடுகாடு கேட்டால் வழி எங்கே என்கிறார்கள். வரைபடத்தில் நாம் இருந்தாக வேண்டும். நம் சொல்லோடு இருக்க வேண்டும்.

அதற்கு முன்மாதிரி இருக்கிறது. 2006இன் வன உரிமைச் சட்டத்தின்கீழ் கோரிக்கை வைத்த ஆதிவாசிகளில் பலரை, செயற்கைக்கோள் படத்தில் பயிர் தெரியவில்லை என்று சொல்லி நிராகரித்தார்கள். 2012இல் திருத்திய விதிகள், செயற்கைக்கோள் படம் கோரிக்கையாளரின் சான்றுகளுக்குத் துணையாகலாம், அவற்றுக்கு மாற்றாக முடியாது என்று தெளிவாக்கின. குஜராத்தின் நர்மதா மாவட்டத்தில் ஆர்ச் வாஹினி அமைப்பினர் கிராமத்து இளைஞர்களுக்கு ஜிபிஎஸ் கருவியைப் பழக்கி, அவர்களே நிலத்தைச் சுற்றி நடந்து அளந்து, அந்த அளவைப் படத்தின்மேல் பதித்துக் கோரிக்கைகளுக்கு வலு சேர்த்தார்கள். அரசு எந்தப் படத்தைக் காட்டி மறுத்ததோ, அதே வகைப் படத்தைக் காட்டி உரிமை கேட்டார்கள். இந்த வேலைக்கு ‘எதிர் வரைபடம்’ என்று சமூகவியலில் பெயர் இருக்கிறது. இந்தோனேசியாவின் காலிமந்தான் காடுகளில் மக்கள் செய்த வரைபடங்களை ஆராய்ந்த நான்சி பெலுசோ 1995இல் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

நமக்கு அப்படி வரைய வேண்டிய நிலம் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். அதை மீட்கக் காரணையில் கூடியவர்கள்மேல் 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அந்தத் தோழர்கள் கேட்டதும் ஒரு பதிவேட்டைத்தான். பஞ்சமி நிலத்தின் அடையாளம் வயலில் இல்லை. பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் குறிப்புப் பத்தியில், ஓரிரு எழுத்துகளில் இருக்கிறது. அந்த எழுத்துகள் புதிய பதிவேட்டுக்கு வரும் வழியில் காணாமல் போகின்றன. மறைக்கப்பட்ட குறியீடு என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது அதுதான்.

2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட புவித்தகவல் வழிகாட்டுதல்களுக்குப் பிறகு, இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி பெற வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. புல வரைபடமும் ‘அ’ பதிவேட்டுச் சுருக்கமும் இணையத்தில் கிடைக்கின்றன. கைப்பேசியில் ஜிபிஎஸ் இருக்கிறது. ஒரு கிராமத்தின் பழைய பதிவேட்டிலிருந்து பஞ்சமிப் புல எண்களை எடுத்து, இன்றைய புல எண்களோடு பொருத்தி, வானிலிருந்து எடுத்த படத்தின்மேல் பதித்தால், அந்த நிலத்தில் இன்று என்ன நிற்கிறது என்று தெரிந்துவிடும். கல்லூரியா, பண்ணை வீடா, தொழிற்சாலையா என்று சொல்ல வார்த்தையே தேவைப்படாது. இங்கே இருக்கிற மாணவர்கள் பத்துப் பேர் ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டால் ஒரு கோடை விடுமுறையில் இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.

நாம் கேட்க வேண்டியவை

இந்த மேடையிலிருந்து சில கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, நம் வீட்டிலோ மனையிலோ இயந்திரம் படிக்க வைக்கும் எந்தக் குறியீடானாலும், அதில் என்ன இருக்கிறது, எந்தப் பதிவேட்டோடு அது இணைகிறது என்பதை வீட்டுக்காரருக்குத் தமிழில் எழுதித் தர வேண்டும். நமக்குப் படித்துக் காட்டாத எழுத்து நம் கூரையில் இருக்கக் கூடாது.

இரண்டாவது, எல்லைக் கோடு போடும் நாளில் அந்தத் தெருவின் மக்கள், குறிப்பாகப் பெண்கள், உடன் இருக்க வேண்டும். கூலி நாளாக இருந்தால் அன்றைய கூலியை அரசு கொடுக்க வேண்டும். சேரியில் எடுத்த படத்தைச் சேரியிலேயே விரித்துவைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும், ஊர்ப் பொதுவிடத்தில் வைத்துவிட்டு வந்து பார்க்கச் சொல்லக் கூடாது.

மூன்றாவது, வன உரிமை விதிகளில் இருப்பதைப் போல, படம் துணைச் சான்று மட்டுமே, வாய்மொழிக்கும் அனுபவப் பாத்தியத்துக்கும் மாற்றாகாது என்பதை நத்தத்துக்கும் புறம்போக்குக் குடியிருப்புக்கும் சட்டமாக்க வேண்டும். கோட்டை மாற்றிப் போட்டு நம் நிலத்தைப் பறித்தால், அது எழுத்துப் பிழை என்று முடிந்துவிடக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தலித் மக்களின் நிலத்தை முறைகேடாகப் பறிப்பதைக் குற்றமாக்குகிறது. அந்தப் பிரிவில் வழக்காக வேண்டும்.

நான்காவது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 2027 கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள். கட்டடங்களுக்குப் புவிக்குறியிடவும் திட்டமிட்டிருக்கிறார்கள். சாதிவாரிக் கணக்கெடுப்பு நாம் கேட்டது. அதிலிருந்து பின்வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. 1948இன் கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் விவரங்களுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது. சாதியும் வீட்டின் இருப்பிடமும் ஒரே கருவியில் சேரும் காலத்தில் அந்தப் பூட்டு இன்னும் கெட்டியாக வேண்டும். தொகை பொதுவில் வரட்டும். வீடு பூட்டுக்குள் இருக்கட்டும்.

ஐந்தாவது, தகவல் உரிமை. 2023இன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு அமைப்புகளுக்கு விலக்குத் தர வழி வைத்திருக்கிறது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் மாற்றி, தனிநபர் விவரம் என்று சொல்லித் தகவலை மறுப்பதை எளிதாக்கியிருக்கிறது. அரசு நம்மைப் பார்க்கலாம், பஞ்சமி நிலத்தை வைத்திருப்பவரின் பெயரை நாம் பார்க்கக் கூடாது என்றால் அது எந்த வகை அந்தரங்கம்? 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்னார்கள். அந்த உரிமை குடிசைக்கும் உண்டு. நில அபகரிப்பாளரின் கேடயமாக அதைப் பயன்படுத்த நாம் விடக் கூடாது.

தோழர்களே, ஆண்டுக்கு ஆறு முறை நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது ஒரு மனுவைக் கொண்டுபோவோம். எங்கள் ஊரின் பழைய பதிவேட்டில் பஞ்சமி என்று குறித்த புல எண்கள் எவை என்று அதில் கேட்போம். எங்கள் தெருவின்மேல் ட்ரோன் பறந்திருந்தால் அந்தப் படத்தின் நகல் வேண்டும் என்று கேட்போம். தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கேள்விகள் ஏறும்வரை எழுந்து வராமல் இருப்போம். மேலே பறப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றால் அது படமெடுத்துவிட்டுப் போய்விடும். கீழே இருக்கும் பதிவேட்டைத் திறக்க வைப்பது நம் வேலை.

ஜெய்பீம்.